கேட்டு வாங்கிய சைபர்

கோட்டைக்குப்பத்து ஜமுனாவுக்கு வாய் பெரிசு என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்புங்கள். பெரிசுதான். ஆனால் அந்த வாய் சும்மா வந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு, திருப்பாலைவனம் தெருத்தெருவாக வெயிலில் நடந்து, "எறாலேய்... நண்டேய்..." என்று கூவிக் கூவி வளர்ந்த வாய் அது. இன்றைக்குப் பழவேற்காட்டு ஏலக்கரையில் சேற்று நண்டு வந்து இறங்கினால் முதல் விலை ஜமுனாவிடமிருந்துதான் வரும். சொந்தத் தராசு, சொந்த ஐஸ் பெட்டி. மெட்ராஸ் கம்பெனிக்காரன் காலையில் போன் போட்டு, "இன்னிக்கு இன்னாக்கா நெலவரம்?" என்று அவளைத்தான் கேட்பான். எவனும் கைதூக்கி விடவில்லை. தானாக எழுந்தவள். தானாக எழுந்தவர்கள் தங்களைப் பற்றிக் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும், யார் வீட்டு அடுப்பு அணைந்துபோயிற்று?

புருஷன் கருப்பன் அவளுக்கு நேர் எதிர். ஏரிக்குப் போவான், வருவான், வலையை உதறிக் காயப்போடுவான், சாப்பிடுவான், தூங்குவான். "ஏம்பா, நீ பேசவே மாட்டியா?" என்று யாராவது கேட்டால், "ஒரு வீட்டுக்கு எத்தனி வாய் வேணும்?" என்பான். அதோடு சரி.

இவர்களுக்கு ஒரே மகள் ஐஸ்வர்யா. ஜமுனா பீற்றிக்கொள்வதற்கென்றே பிறந்த பிள்ளை. செங்குன்றத்தைத் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பு, ஹாஸ்டல் வாசம், மூன்றாம் வருஷம். குப்பத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண். இதை நீங்கள் கேட்க வேண்டியதில்லை, ஏலக்கரைப் பக்கம் போனாலே ஜமுனா சொல்லிவிடுவாள். நண்டு எடை போடும்போது சொல்வாள், பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரிடம் சொல்வாள். ஒருமுறை கோயில் பூசாரி அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது பெயரோடு சேர்த்து மகளின் படிப்பையும் சொல்ல, அவரும் அசடு வழிந்தபடி அதையும் மந்திரத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் பீற்றலுக்குப் புது விஷயம் கிடைத்தது. பெரிய கம்பெனி ஒன்று காலேஜுக்கே வந்து ஆள் எடுக்கப் போகிறது, வெள்ளிக்கிழமை இன்டர்வியூ, ஐஸ்வர்யா உட்காரப் போகிறாள். படிப்பு முடியுமுன்னே வேலை!

"வெள்ளிக்கெழம எம் பொண்ணுக்கு வேல கெடைக்கப் போவுது. சனிக்கெழம கரையில எல்லாருக்கும் பிரியாணி," என்று ஜமுனா அறிவித்தாள்.

ஏலத்தில் அவளுக்கு எதிர்விலை கேட்கிற ராஜம்மா நண்டுக் காலில் சணலை இறுக்கியபடியே சொன்னாள்: "கரைக்கு வராத மீனுக்கு வெல பேசாத ஜமுனா. பிரியாணி ஊசிப்பூடும்."

"ஒனக்கு வயித்தெரிச்சல்டீ. ரெண்டு எளநீ வாங்கிக் குடி."

எல்லோரும் சிரித்தார்கள். ஜமுனாவும் சிரித்தாள். அடுத்த நாள் காலை ஐஸ்வர்யாவிடமிருந்து போன் வந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் மிச்சம் இருந்தது.

"மா... காலேஜுக்கு வரணும் நீ. மேடம் வரச் சொன்னாங்க."

"எதுக்கு? மாலை போடவா?"

மறுமுனையில் மகள் அழுதாள். அப்போதுதான் ஜமுனா தராசைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். அதைப் புரிந்துகொள்ள ஏரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்க எல்லோரும் எல்லா நாளும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. பாடு என்று ஒரு முறை இருக்கிறது. இன்றைக்கு இந்த இடம் உன் குடும்பத்துக்கு, நாளைக்கு என் குடும்பத்துக்கு, அடுத்த நாள் அவனுக்கு என்று சுற்றிக்கொண்டே வரும். தாத்தன் காலத்திலிருந்து சண்டையில்லாமல் ஓடுகிற ஏற்பாடு. போலீஸும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். படித்த ஊர்களில் இப்படி ஒன்று இருந்தால் காட்டுங்கள் பார்க்கலாம்.

காலேஜில் அம்பிகா மேடம் என்று ஒரு ஆசிரியை. புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுப்பவர். அவர் ஒரு வேலை கொடுத்தார்: வரிசையாக முறை வருகிற ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கு எப்போது முறை என்று கம்ப்யூட்டரே சொல்கிற மாதிரி ஆளுக்கு ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வாருங்கள். யாரையும் பார்த்து எழுதக் கூடாது, போனில் கேட்டால் பதில் எழுதித் தருகிற மெசினைக் கேட்டும் எழுதக் கூடாது, சொந்தமாக எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் பேங்க் டோக்கன், சினிமா டிக்கெட் என்று யோசித்துக்கொண்டிருக்க, ஐஸ்வர்யா ஊர்ப் பாடு முறையை எடுத்துக்கொண்டாள். ஊரில் எத்தனை தலைக்கட்டு, எத்தனை இடம், யாருக்கு அடுத்து யார், தகராறு வந்தால் என்ன என்று எல்லாவற்றையும் உள்ளே வைத்து எழுதினாள். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் வலை கட்டக் கூடாது, ஆனால் அன்றைய முறைக்காரனுக்கு நஷ்டம் கிடையாது, அவன் முறை மறுநாளைக்குத் தள்ளும் என்கிற வழக்கத்தைக்கூட விடவில்லை.

எழுதி முடித்ததும் செய்தாள் ஒரு காரியம். பக்கத்துக் கட்டிலில் திவ்யா என்று சிநேகிதி. முதல் வருஷத்தில் ஐஸ்வர்யாவிடம் லேப்டாப் இல்லாதபோது தன்னுடையதை விட்டுக்கொடுத்தவள். இந்தப் புரோகிராம் எழுதும்போதும் கூடவே உட்கார்ந்து, எங்கே தப்பு காட்டுகிறது என்று வாசித்துச் சொன்னவள். கெடு முடிகிற நாளில் திவ்யாவுடையது பாதியில் நின்றது. "ஐசு, என்னுது ஓடவே மாட்டேங்குதுடி," என்று உட்கார்ந்து அழுதாள். ஐஸ்வர்யா இரண்டாம் யோசனை இல்லாமல் தன்னுடையதை அப்படியே அனுப்பிவிட்டாள்.

கோட்டைக்குப்பத்துப் பிள்ளை வேறென்ன செய்யும்? கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது வழிப்போக்கன் ஒருவன் வந்து கயிற்றில் கை வைத்தாலும் வலை ஏறினதும் அவன் கைக்கு ஒரு பிடி மீன் போய்ச் சேரும். கேட்டு வாங்க வேண்டியதில்லை. கொடுக்காதவனை ஊர் மதிக்காது. வலை இழுத்த கைக்குப் பங்கு. அவள் பால் குடித்த நாளிலிருந்து பார்த்த நியாயம் அது. காலேஜில் அதற்கு வேறு பெயர் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிடி மீன் திவ்யாவோடு நிற்கவில்லை. திவ்யாவிடமிருந்து சுபாஷ் என்கிற பையன் வாங்கினான். சுபாஷ் வாட்ஸப்பில் போட்டான். கடைசியில் அம்பிகா மேடம் மேஜையில் ஒரே புரோகிராம் பன்னிரண்டு பேர் பெயரில் வந்து நின்றது. பிள்ளைகள் சும்மாவா கொடுப்பார்கள்? ஏரியை பேங்க் என்று மாற்றினார்கள், வலையை டோக்கன் என்று மாற்றினார்கள். ஆனால் சாவு வழக்கம் மட்டும் எதற்கு இருக்கிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை. எடுத்தால் ஓடாதோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் ஒருத்தியுடைய பேங்கில் வாடிக்கையாளர் யாராவது இறந்தால் அன்றைக்கு பேங்கையே மூடிவிடுவார்கள். சுபாஷ் எழுதியது ஆஸ்பத்திரி. அவனுடைய ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் செத்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே லீவு.

அம்பிகா மேடம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டார். ஐஸ்வர்யாதான் எழுதினாள் என்பது கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை, அவள் ஒருத்திதான் ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொன்னாள். ஆனால் காலேஜ் சட்டம் வேறு மாதிரி. பார்த்து எழுதினவனுக்கும் சைபர், பார்க்கக் கொடுத்தவனுக்கும் சைபர். சைபர் வாங்கினால் அந்தப் பாடத்தில் அரியர். அரியர் இருந்தால் வெள்ளிக்கிழமை இன்டர்வியூவில் உட்கார முடியாது.

ஜமுனாவுக்கு இதில் பாதி புரிந்தது. எம் பொண்ணு எழுதினதை எவனோ எடுத்துக்கொண்டான், தண்டனை எம் பொண்ணுக்கா? கேட்டுவிட்டு வருகிறேன் பார் என்று கிளம்பினாள். கருப்பன் வலையிலிருந்து நிமிர்ந்து, "பொறுமையா பேசு," என்றான். "நான் எப்போ பொறுமையா பேசல?" என்று அவள் கத்தின கத்தலில் தெருநாய் எழுந்து போனது.

வெறுங்கையோடு போவாளா? ஏலத்தில் வந்ததிலேயே பெரிய பெரிய சேற்று நண்டாகப் பொறுக்கி, காலைக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். பொன்னேரியில் பஸ் மாறும்போது ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு பையைக் கொத்த, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றவர் கடைசிவரை உட்காரவே இல்லை. காலேஜ் வாசலில் வாட்ச்மேன் மறித்தான்.

"பையில இன்னா?"

"எம் பொண்ணு மேடத்துக்கு நண்டு. வேணும்னா கைய வுட்டுப் பாரு."

அவன் விட்டுப் பார்க்கவில்லை.

மேடத்தின் அறைக்கு வெளியே பெஞ்சில் திவ்யா உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. போன திருவிழாவுக்குக் குப்பத்துக்கு வந்து, ஜமுனா வைத்த நண்டுக் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். ஜமுனாவைப் பார்த்ததும் எழுந்து, "அம்மா, என்னாலதான்மா..." என்றாள். ஜமுனா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்பிகா மேடம் சின்ன உருவம், கண்ணாடி, அமைதியான குரல். ஐஸ்வர்யா மேஜை ஓரமாகத் தலைகுனிந்து நின்றாள்.

"வாங்கம்மா, உக்காருங்க."

ஜமுனா உட்காரவில்லை. பையை மேஜைமேல் வைத்தாள். பை அசைந்தது.

"இது என்னம்மா?"

"நண்டு மேடம். உசுரோட கீது. இந்த மாதிரி நண்டு நீங்க மெட்ராஸ்ல காசு குடுத்தாலும் கெடைக்காது. நானே பொறுக்குனது."

மேடம் பையை மெதுவாக அவள் பக்கமே தள்ளினார். "வேண்டாம்மா. இதை வாங்கிட்டேன்னா, அப்புறம் நீங்க சொல்றது எதுவும் எனக்கு நேரா கேக்காது."

ஜமுனாவுக்குச் சுருக்கென்றது. ஏலக்கரையில் அவளிடம் இப்படி யாரும் பேசியதில்லை. ஆனாலும் மனசுக்குள், இந்தப் பொம்பள எடையில கை வெக்கற ஆள் இல்ல, என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். "உங்க பொண்ணுதான் இதை எழுதினாங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இவங்களுக்குத் தெரியாம திவ்யா எடுத்தாளா, இல்ல இவங்களே குடுத்தாங்களா? எடுத்திருந்தா இவங்க மேல தப்பு இல்ல, மார்க் முழுசா வரும். குடுத்திருந்தா சைபர்."

"எடுத்துட்டா மேடம்!" என்றாள் ஜமுனா.

யோசிக்கவே இல்லை. விலை கேட்ட வேகத்தில் பதில் வந்து விழுந்தது. "எம் பொண்ணு தூங்கறப்போ எடுத்திருப்பா. ஒரே ரூம்புதான. எம் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது மேடம், அது ஒரு வெள்ளந்தி."

"ஐஸ்வர்யா?" என்றார் மேடம்.

ஜமுனா மகள் பக்கம் நகர்ந்து, மேஜை மறைவில் அவள் தொடையைக் கிள்ளினாள். நண்டு கொத்துகிற மாதிரி கிள்ளினாள்.

ஐஸ்வர்யா தலை நிமிர்ந்தாள். "இல்ல மேடம். நான்தான் குடுத்தேன்."

"ஐசு!"

"இரு மா. திவ்யா எடுத்துட்டான்னு நான் சொன்னா அவ திருடி ஆயிடுவா. அவ கேக்கக்கூட இல்ல. அழுதா, நான் குடுத்தேன்." மேடத்தைப் பார்த்தாள். "எங்க ஊர்ல வலை இழுக்க கை குடுத்தவங்களுக்கு மீன் குடுப்போம் மேடம். அவ என்கூட உக்காந்து தப்பெல்லாம் பாத்துச் சொன்னா. அதான் குடுத்தேன். தப்புன்னு தோணல."

மேடம் அந்தப் புரோகிராமைத் திறந்தார். பிறகு கம்ப்யூட்டரை ஐஸ்வர்யா பக்கம் திருப்பி ஒரு இடத்தைக் காட்டினார். "இந்த வரி எதுக்குன்னு அம்மாவுக்குச் சொல்லுங்க."

ஐஸ்வர்யா பார்த்தாள். பார்த்த உடனே அவள் முகம் மாறிவிட்டது. தலை மறுபடி குனிந்தது.

"அப்போ நானே சொல்றேன்," என்றார் மேடம். "ஒரு ஆள் தன் முறையை இன்னொரு ஆளுக்குக் குடுத்துட்டா, குடுத்தவருக்கும் அடுத்த முறை போச்சு, வாங்கினவருக்கும் அடுத்த முறை போச்சு. இப்படி எழுதியிருக்காங்க. இது உங்க ஊர் வழக்கமாம்மா?"

ஜமுனாவுக்கா தெரியாது! போன வருஷம் கருப்பன் தன் தம்பி வீட்டில் கல்யாணச் செலவு என்று தன் பாடு முறையை ஒருநாள் அவனுக்கு விட்டான். யாரிடமும் சொல்லவில்லை. ஊர் கண்டுபிடித்துவிட்டது. ஊர்த் தலைவரான நாட்டார் தங்கவேல் கூட்டம் போட்டார். ஜமுனா நடுவில் நின்று, "எங்க மொறை, எங்க இஷ்டம்! நாங்க யாருக்குக் குடுத்தா உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்று ஆடித் தீர்த்தாள். தங்கவேல் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மொறை ஒன்னுது இல்ல ஜமுனா. மொறை ஊருது. அன்னிக்கு நீ வலை கட்டிக்கலாம்னு ஊரு வுட்டிருக்குது, அவ்ளோதான். புடிச்ச மீன யாருக்கு வேணா குடு. மொறையக் குடுக்காத." அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுத்த பாடு போயிற்று. லீவுக்கு வந்திருந்த ஐஸ்வர்யா கூட்டத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு, தான் செய்தது அதே காரியம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பைக்குள் நண்டுகள் மட்டும் ஒன்றையொன்று சுரண்டிக்கொண்டிருந்தன.

"ஆமாம் மேடம்," என்றாள் ஐஸ்வர்யா மெல்ல. "இது மீன் இல்ல. மொறை. எழுதறதுக்கு நீங்க ஆளாளுக்குக் குடுத்த மொறை. அவ மொறைய அவதான் கட்டணும். நான் பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்திருக்கலாம்."

ஜமுனா தோற்றுப்போன ஏலத்தையும் லேசில் விடுகிற ஆள் இல்லை. "சரி மேடம். தப்புதான். பொண்ணே ஒத்துக்கிச்சு. அதுக்காக சைபரா? ஒரு அம்பது போடுங்க."

"இல்லம்மா."

"முப்பது."

"அம்மா..."

"இருபத்தஞ்சு மேடம். எழுதுனது எம் பொண்ணு தான, எழுதுன கைக்காவது குடுங்க. அதுக்கும் கீழ எனக்குக் கட்டாது."

மேடத்துக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது ஏலம் இல்லம்மா. உங்க ஊர்ல முறையைக் குடுத்தவருக்குப் பாதி முறையாவது விடுவாங்களா?"

ஜமுனா வாயடைத்து நின்றாள். கோட்டைக்குப்பத்தில் யாரும் பார்த்திராத காட்சி அது.

"மா," என்றாள் ஐஸ்வர்யா. "எனக்கு சைபர் போதும். மேடம், எனக்கு சைபர் போடுங்க. திவ்யாவைத் திருடின்னு மட்டும் எழுதாதீங்க."

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூ இருக்காது. தெரியும் இல்ல?"

"தெரியும் மேடம்."

"அடுத்த செமஸ்டர்ல புதுசா ஒரு புரோகிராம் எழுதணும். லேப்ல, என் கண்ணு முன்னாடி."

"எழுதறேன் மேடம். இப்பவே ஆரம்பிக்கட்டுமா?"

மகள் நின்ற நிற்பை ஜமுனா அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். குரல் நடுங்குகிறது, கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் முதுகு வளையவில்லை. ஊர்க்கூட்டத்தில் பெரிய பெரிய மீசைக்காரர்கள் தங்கள் தப்பை மச்சான் மேல் போடுவதையும் காற்றின் மேல் போடுவதையும் ஜமுனா பார்த்திருக்கிறாள். நான்தான் செய்தேன், தண்டத்தைப் போடு என்று நின்ற ஆள் ஒருவனையும் பார்த்ததில்லை. தானே நின்றதில்லை. மகளின் தொடையில் தான் கிள்ளிய இடத்தை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் திவ்யா பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஐஸ்வர்யா போய் அவள் தோளில் கை போட்டாள். "எல்லாருக்கும் சைபர்தான்டி. வேற ஒண்ணும் இல்ல." திவ்யா ஓவென்று அழுதாள். ஜமுனா பக்கத்தில் போய், "அழுவாத. கோபத்துல கண்ணு தெரியாம ஒங்கிட்ட மூஞ்சத் திருப்பிட்டேன். சாப்ட்டியா நீ?" என்றாள். ஹாஸ்டலில் நண்டு சமைக்க விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு செங்குன்றம் மார்க்கெட்டில் இறங்கி, பேரம் பேசி நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். துக்கம் துக்கம்தான், சரக்கு சரக்குதான்.

ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வெள்ளிக்கிழமை நெஞ்சில் வந்து ஏறியது. பிரியாணி என்று சொல்லியாயிற்று. ராஜம்மா முகம் கண் முன்னால் வந்தது. இன்டர்வியூ தள்ளிப் போச்சு என்று சொல்லிவிடலாமா? கம்பெனிக்காரனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? திருப்பாலைவனம் வருவதற்குள் நான்கைந்து பொய்களை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எதையும் சொல்ல மனசு வரவில்லை.

வீட்டில் கருப்பன் எல்லாவற்றையும் கேட்டான். நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் கேட்டான்: "அவ பொய் சொல்லலியா?"

"சொல்லல."

"நீ?"

"சொன்னேன். எடுபடல."

கருப்பன் சிரித்தான். தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து ஜமுனா பார்த்ததில்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏலக்கரையில் படகுகள் இறங்கிக்கொண்டிருந்தன. ராஜம்மா காத்துக்கொண்டிருந்தாள் என்றே சொல்ல வேண்டும். ஜமுனாவைத் தராசை இறக்கி வைக்கக்கூட விடவில்லை.

"இன்னா ஜமுனா, பொண்ணு கெளம்பிடுச்சா இன்டர்வியூக்கு? நாளிக்கு பிரியாணி கோழியா, ஆடா?"

கரை முழுக்கக் காது கொடுத்தது. ஜமுனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இன்டர்வியூ இல்ல. எம் பொண்ணு சைபர் வாங்கிட்டா."

நண்டு கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. ராஜம்மாவே எதிர்பார்க்கவில்லை. "சைபரா? இன்னாடி சொல்ற?"

ஜமுனா சொன்னாள். முதலிலிருந்து சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. மகள் எழுதியது, கொடுத்தது, பன்னிரண்டு பேர் பெயரில் அது போய் நின்றது. சுபாஷின் ஆஸ்பத்திரிக்கு லீவு விட்ட கதை வந்தபோது கரையே சிரித்தது. தான் கிள்ளியதையும் சொன்னாள். இருபத்தைந்துக்குப் பேரம் பேசியதையும் சொன்னாள். பாடு முறையைக் கைமாற்றக் கூடாது என்று மகள் எழுதியிருந்ததைச் சொன்னபோது, அந்தப் பக்கம் படகில் சாய்ந்து நின்ற நாட்டார் தங்கவேல் மீசையைத் தடவிக்கொண்டு, "நான் சொன்னதா? கம்ப்யூட்டர்லயா?" என்று இரண்டு முறை கேட்டார்.

"கடைசில அந்த மேடம் கேட்டாங்க, எடுத்தாளா குடுத்தியான்னு. சிநேகிதி எடுத்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கு எம் பொண்ணு கையில வேல. நான்தான் குடுத்தேன்னு சொல்லிட்டா. சைபர் போடுங்கன்னு அவளே கேட்டு வாங்கினா!"

"அடிப்பாவி," என்றாள் ராஜம்மா. "சைபர் வாங்குனதுக்கு ஒரு ஜம்பமா? நூறு வாங்கியிருந்தா எங்கள இந்தக் கரையில நிக்க வுட்டிருக்க மாட்ட போல."

"நூறு வாங்குற பசங்க பஸ் நெறைய வரும். கேட்டு வாங்குற சைபர் ஒன் வீட்ல ஒண்ணு இருந்தா காட்டு."

ராஜம்மா கையிலிருந்த சணலை ஒரு முறை இறுக்கினாள். பிறகு, "பிரியாணி போச்சா அப்போ?" என்றாள், கொஞ்சம் உண்மையான வருத்தத்தோடு.

"யாரு சொன்னா? நாளிக்கு கண்டிப்பா உண்டு. ஆடு."

அந்த நேரம் பார்த்து ஜமுனாவின் போன் அடித்தது. மகள்தான். "இருங்க இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன், எல்லாரும் கேளுங்க," என்று போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். "ஐசு, கரையில கீறேன், எல்லாரும் கேக்கறாங்க. இன்னா பண்ற?"

"லேப்ல கீறேன் மா. மத்தவங்கெல்லாம் இன்டர்வியூக்குப் போய்ட்டாங்க." பின்னால் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "மேடம் இப்பவே ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க. எதிர்ல உக்காந்துனு கீறாங்க. புதுசு எழுதறேன்."

"இன்னா எழுதற? எல்லாருக்கும் சொல்லு."

"சொல்ல மாட்டேன் மா."

"ஏன்டீ?"

"முடிக்கற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாது."

"எனக்குமா?"

"உனக்கும்தான். மேடம் பாக்கறாங்க, வெச்சுடறேன்." போன் அணைந்தது.

ஜமுனா போனை இறக்கினாள். கரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? பெத்தவ கேட்டும் சொல்ல மாட்டேங்கறா!" என்றாள். பெருமையில் அவளுக்குக் குரல் கிறீச்சிட்டது. முதல் கூடை நண்டு வந்து இறங்கியபோது விலை கேட்க மறந்துபோய் நின்றாள். அன்றைக்கு ஒருநாள் முதல் விலை ராஜம்மாவுக்குப் போயிற்று.